தெரியும் என்றேன்

டோட்டல் ஸ்டேஷன் ஓட்டத் தெரியுமா என்று
குழந்தைவேலு சார் கேட்டபோது
ஃபேர்லேண்ட்ஸ் ஆபீசில் கரண்ட் இல்லை.
என் முகம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.
தெரியும் என்றேன்.

தெரியாது.
பாலிடெக்னிக்கில் அதைக்
கண்ணாடி பீரோவுக்குள் பார்த்திருக்கிறேன்.
மஞ்சள் நிறம். சாவி எச்.ஓ.டி.யிடம்.

வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள்.
அதுவரை ஜெராக்ஸ் எடுக்க
ஐந்து ரோட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்ததுதான் சர்வே.
முந்தின இரவு மழையில்
ஏற்காடு பாதை பதினான்காம் வளைவில் சரிந்திருந்தது.
போக வேண்டிய தர்மராஜுக்கு டெங்கு.

கொண்டலாம்பட்டி வீட்டில் எல்லாரும் படுத்தபின்
போனில் வீடியோ பார்த்தேன்.
இந்திக்காரர் ஒருவர் முக்காலியை விரிக்கிறார்,
குமிழியை நடுவுக்குக் கொண்டுவருகிறார்.
எனக்கு இந்தி வராது,
விரல்களை மட்டும் படித்தேன்,
டேட்டா தீரும்வரை, ஏழு தடவை.
இன்னும் யார்கூடடி பேச்சு, என்றாள் அம்மா புரண்டு.
பேசலம்மா,
ஒரு பொய்யை விடியறதுக்குள்ள உண்மையாக்கிக்கிட்டிருக்கேன்
என்று சொல்லவில்லை.

காலையில் அடிவாரம் செக்போஸ்ட்.
பிரிசம் கம்பு பிடிக்க வந்த மதலைமுத்து
என்னைவிட இரண்டு வயது சின்னவன்.
இயர்போனைக் கழற்றாமலே கேட்டான்:
மேடம் நீங்கதானா?
நான்தான்.

பதினான்காம் வளைவில் பாதிச் சாலை இல்லை.
ஒரு வாய் கடித்த தட்டுவடை மாதிரி விளிம்பு.
கீழே மூட்டம்,
அதற்கும் கீழே சேலம் இருப்பதாக
நம்ப வேண்டியிருந்தது.

முக்காலியின் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு பக்கம் போனது.
இடப்பக்கம் திருகினால்
குமிழி வலப்பக்கம் ஓடிற்று.
வீடியோவில் இப்படி ஓடவில்லை.
இருபத்தைந்து நிமிடம்.
ஜே.சி.பி.க்காரர் ஒரு பீடி முடித்து
இன்னொன்று பற்றவைத்தார்.
மதலைமுத்து பாட்டை நிறுத்திவிட்டுக்
கம்பால் குரங்குகளை விரட்டிக்கொண்டிருந்தான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அது இரக்கமா, சோம்பலா,
இன்றுவரை தெரியாது.

பிறகு குமிழி நின்றது.

தெரியாத புள்ளியின் உயரம் வேண்டுமென்றால்
தெரிந்த புள்ளி ஒன்றை
முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும்.
பின்நோக்கு என்பார்கள்.
எனக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை.
நெடுஞ்சாலைத் துறைக் கல்லில்
சுண்ணாம்புக்கு மேல் கறுப்பில் ஓர் எண்.
அதைப் பிடித்துக்கொண்டேன்.

நூற்று முப்பத்தாறு புள்ளிகள்.
ஒன்பது தப்பு.
கம்போட உயரத்தை மாத்தவே இல்லையா, என்று
ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சிரித்தான் தர்மராஜ்.
மறுநாள் திரும்ப ஏறினேன்,
என் காசில், பஸ்ஸில்,
மடியில் வாந்திக் கவரோடு.

எல்லாச் சரியும் பலிக்கவில்லை.
ஆத்தூரில் ஒரு லேஅவுட்டுக்குச் சரி என்றேன்,
பணம் இன்னும் வரவில்லை.
மேக்னசைட் சுரங்கத்துக்கு மே மாதம் சரி என்றேன்,
வெள்ளை மண்ணில் பட்ட வெயில் எகிறி
கண் இரண்டும் வீங்கிற்று.
ஓடை ஒன்றை அளந்ததாகக்
கையெழுத்து மட்டும் போடச் சொன்னார்கள்.
பேனா நல்ல பேனா.
வாய்வரை வந்த சரி அங்கேயே நின்றது.
அளந்தவளுக்குத்தானே தெரியும்
அளக்காதது எது என்று.

இப்போது அந்த வளைவில் கருங்கல் தடுப்புச்சுவர்.
தண்ணீர் வடிய விட்ட குழாய்களில்
பெரணி முளைத்திருக்கிறது.
ஜோடிகள் பைக்கை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறார்கள்.
சுவரின் அடி எந்த ஆழத்தில் தொடங்குகிறதென்பது
ஒன்பது தப்பைத் திருத்திய தாளில் இருக்கிறது.
அதை யாரும் செல்ஃபி எடுப்பதில்லை.

போன வாரம் ஒருவர் போன் செய்தார்:
ட்ரோன் சர்வே தெரியுமா மேடம்?

இந்தத் தடவை கரண்ட் இருந்தது.
தெரியாது சார், என்றேன்.
என்னைக்கு வரணும்?