வாள் என்றொரு லேயர்

மின்சார பில்லின் பின்பக்கம்
நீலப் பென்சிலால் ஒரு முட்டை.
முட்டைக்குக் குறுக்கே இரண்டு கோடு:
கண் இங்கே, மூக்கு இங்கே.
பிறகு கழுத்து. கழுத்து சரியில்லை.
பிறகும் கழுத்து.
பஸுண்டாங்கில் ஐந்தாம் மாடி,
கரண்ட் வர இன்னும் ஒன்றேகால் மணி நேரம்.
பென்சிலுக்குக் கரண்ட் வேண்டாம்.

கேட்டிருந்தது இவ்வளவுதான்:
வீராங்கனை, வயது பதினாறு, நீளக் கூந்தல்,
கையில் வாள். வெள்ளிக்கிழமைக்குள்.
சிங்கப்பூர்க் கம்பெனி; ஏதோ ஒரு கேமில்
இவள் ஏழாவது பெண்.

எனக்கு வாள் தெரியாது.
மியூசியத்தில் ஒருமுறை பார்த்தது,
கண்ணாடிக்குப் பின்னால், துருவோடு.
தெரிந்தது கயிறு.

எங்கள் தெருவில் பால்கனிக்கொரு கயிறு தொங்கும்.
கீழ்நுனியில் கிளிப், மேல்நுனியில் மணி.
கீழே நின்று இழுத்தால் மேலே கிணுங்கும்.
கடிதம் ஏறும், மொஹிங்கா ஏறும்,
சில்லறை இறங்கும்.
மூன்றாம் மாடி டா ச்சோ மாருக்கு
பிரஷர் மாத்திரை ஏறும்.
போன மழையில் ஒரு பூனைக்குட்டியும் ஏறியது,
துணிப்பைக்குள், வழியெல்லாம் கத்திக்கொண்டு.
அதனால் அவள் இடுப்பில் கயிற்றைச் சுற்றினேன்.
உள்ளங்கையில் கிளிப்,
வாயைத் திறந்தபடி.

ஒன்று பத்துக்குக் கரண்ட் வந்தது.
எதிர்வீட்டு மோட்டார்கள் ஒன்றாய் எழுந்து தண்ணீர் தேட
நான் பில்லைப் படமெடுத்து டேப்லெட்டில் ஏற்றினேன்.
மங்கலாக்கி, அதன்மேல் மை.
தோளின் கோடு ஒரே இழுப்பில் வரவேண்டும்.
பதினேழாம் முறை
ஒரே இழுப்பில் வந்தது.

இடவலமாய்த் திருப்பிப் பார்த்தேன்:
இடது கண் ஓர் அரிசியளவு கீழே.
ஏற்றிவைத்தேன். பாஸ்போர்ட் போட்டோ ஆகிவிட்டாள்.
அன்டூ.
கண் இறங்கியது,
ஆள் திரும்பி வந்தாள்.

நிறத்தட்டில் முதலில் வந்து நிற்கும் தோல்நிறங்கள்
யாருடையவோ.
என் முழங்கையைப் படமெடுத்து அதிலிருந்து எடுத்தேன்.
தனாக்காதான் படுத்தியது.
பூசியதும் ஒரு நிறம், காய்ந்ததும் ஒன்று,
மூன்று மணி வெயிலில் வியர்வை ஓரத்தைக் கரைத்தபின் இன்னொன்று.
அந்த மூன்றாவதை
அறுபது சதவீதத்தில், கன்னத்தில் வட்டமாய்,
விரல்தடம் தெரிய.

நிழலுக்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு:
வெளிச்சம் எங்கிருந்து?
இடப்பக்கம் மேலே என்பார்கள் வீடியோவில் சொல்லித்தருபவர்கள்,
தங்கள் ஊர் ஜன்னலை நம்பி.
இங்கே அது கீழிருந்து வரும்.
டீக்கடை ஜெனரேட்டரின் ஒற்றை பல்பு,
போன் டார்ச்,
படிக்கட்டில் எதிரே ஏறிவருபவர்
கைக்குள் பொத்திய மெழுகுவத்தி.
தாடைக்கடியில் ஆரஞ்சு வைத்தேன்.
மூக்கின் அடி மினுங்கியது, நெற்றி இருட்டுக்குள் போனது.
இப்போது அவள் குனிந்து பார்க்கிறாள்,
கீழே யாரோ கயிற்றை இழுத்ததுபோல.

பெயர் நீலார்.
பர்மியத்தில் நீலக்கல்.
தமிழ் வாயில் போட்டால் பாதி நிறம், பாதி ஆள்.

நாலு ஐம்பதுக்கு அனுப்பினேன்.
ஐந்துக்குக் கரண்ட் போனது.

எட்டரைக்குப் பதில்:
"பிரமாதம். தாடையோரம் அந்த நீலக் கீறல்கள்,
அந்தக் கரகரப்பு, எப்படிச் செய்தீர்கள்?
அப்படியே இருக்கட்டும்.
வாளை மட்டும் சேர்த்துவிடுங்கள்."

பென்சில் லேயரை அணைக்க மறந்திருக்கிறேன்.
உற்றுப் பார்த்தால் இடது தோளுக்குப் பின்னால்
தாளின் மறுபக்கத்திலிருந்து ஊறி,
தலைகீழாய்,
போன மாத யூனிட்டுகள்.

பேட்டரி பதினொரு சதவீதம்.
எல்லாவற்றுக்கும் மேலே புது லேயர் ஒன்று திறந்து
வாள் என்று பெயர் எழுதினேன்.
அதில் எதுவும் வரையாமல்
சேமித்தேன்.

பால்கனியில் மணி.
மொஹிங்காவாக இருக்கும்.