ஒட்டுப்பால்

மழை பிடித்தால் பால்வெட்டு இல்லை.
அதனால்தான் ஆனிமாதம்
குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் விளைக்குள்,
ஷைனுக்க மாமன் புகைப்புரை எங்களுக்குக் கிடைத்தது.
வாடகை ஒன்றுமில்லை.
மூலையில் அடுக்கிய முப்பது ஷீட்டை
எலி கடிக்காமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஷீட் தொங்கிய கம்பியில் மைக்கைத் தொங்கவிட்டோம்.
ஆசிட்டும் கரியும் சேர்ந்த நாற்றம்
அன்றைக்கு முடியில் ஏறியது,
இன்னும் என் குச்சிகளில் இருக்கிறது.
பாஸ் டிரம்முக்குள் பழைய தலையணை.
சிம்பலில் விரல் நீளத்துக்கு வெடிப்பு.
பாடகர் குழு கழித்துப் போட்டதை
உபதேசியாரிடம் இருநூறு கொடுத்து வாங்கினேன்.
'எந்தக் கோயில்ல வாசிக்கப் போறே?'
தக்கலைப் பக்கம் என்றேன்.

ஜெனிஷ் கிட்டார் கம்பியைத் தளர்த்தித் தளர்த்தி
துணி காயப்போடும் கொடியளவுக்குக் கொண்டுவந்தான்.
அடித்தால் முதலில் தரை அசையும்,
பிறகுதான் சத்தம்.
நான் நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது அடித்தேன்,
அல்லது அடித்ததாகச் சொன்னேன்.
கூரைத் தகரத்தில் மழை என்னைவிட வேகம்.
சுத்தமாக ஒரு டேக்கும் கிடைக்கவில்லை.
மூன்றாம் நாள்
மழையை ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டோம்.

பாடுகிறவன் ஸ்டார்வின்.
பகலில் தேங்காப்பட்டணத்தில் மீன் ஏலம் விளிக்கிறவன்.
வயிற்றுக்கு அடியிலிருந்து எடுக்கிற அந்தக் குரலை
காலி ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டுப் பழகினான்.

மூன்றாம் பாட்டு நான் எழுதியது.
குடல், மண்டை, பீறிடும் ரத்தம், புழு.
இந்த இசைக்கு வேண்டியதெல்லாம் இருந்தது.
கவுண்ட் கொடுத்தேன். அவன் நுழையவில்லை.
மறுபடி கொடுத்தேன்.
நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

'லேய், இப்பிடி இருக்காது.'

புயல் வந்த வருஷம் அவனுக்குப் பதினாறு.
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில்
சித்தப்பாவை அடையாளம் காட்ட
அவனைத்தான் உள்ளே விட்டார்கள்.
வீட்டில் மற்ற ஆண்கள் அப்போது கரை சேர்ந்திருக்கவில்லை.

'ரத்தம் எங்கயும் கெடையாது மக்கா.
பதினோரு நாள் கடல்ல கெடந்தா என்ன ரத்தம்.
வெள்ள. ஒரே வெள்ள.
மொகம் பாத்துச் சொல்ல ஒண்ணுமில்ல.
இடுப்புல நைலான் கயிறு. நான் கட்டின முடிச்சு, மூணு சுத்து.
அத வச்சித்தான் ஒப்பு போட்டேன்.'

கரண்ட் போனது, எப்போதும்போல.
ஷைன் டார்ச்சைப் பேனாவின்மேல் பிடித்தான்.
ஒவ்வொரு பாட்டாக எடுத்து
ரத்தத்தை வெட்டினேன். ஆறு பாட்டில் பதினான்கு இடம்.
மூன்றாவதில் ஒரு வரியில்
'பீறிடும்' மட்டும் தனியாக நின்றது.
அதையும் அடித்தேன்.

கரண்ட் வந்ததும் தாள் இல்லாமல் நின்றான்.
வெளியே கேட்டால் ஒன்றும் விளங்காது,
ஓடைக்குழாயில் கல் உருள்கிற சத்தம்.
ஹெட்போனில் எனக்குத் தெரிந்தது:
ஏலம் விளிக்கிறான்.
முந்நூறு, முந்நூறு, இருநூற்றைம்பது,
ஒருதரம்,
இருநூறு,
விலை இறங்கிக்கொண்டே போனது, எடுக்க ஆளில்லை.
என் கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மார்த்தாண்டத்தில் அட்டை அச்சடிக்கிறவர்
எங்கள் பெயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'இது என்ன, பலாவேரா?'
ஜெனிஷ் விரல் வைத்து வாசித்துக் காட்டினான்:
ஒட்டுப்பால்.
'நாறுமே' என்றார்.
ஆமாம் என்றோம், சந்தோஷமாக.

ஐம்பது சிடி. இருபத்திரண்டு நிமிடம்.
கருங்கலில் ஒரு பழைய டியூஷன் ஷெட்டில் வெளியீடு.
பதினோரு பேர், அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
ஜெனரேட்டர்காரர் காதில் பஞ்சோடு கடைசிவரை நின்றார்,
டீசல் காசு வாங்காமல் போக முடியாதே.
எண்ணி வாங்கியபிறகு கேட்டார்,
'மூணாவது பாட்டுல கணக்கு எதும் வருமா?'

ஸ்டார்வின் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.
'வரும்.'
'எவ்வளவுக்கு முடிஞ்சுது?'
'முடியேல்ல.'

அவர் ஒரு சிடி எடுத்துக்கொண்டார்.
போட்டுக் கேட்க வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று
நாங்கள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வெயில் அடித்தது.
புகைப்புரையை ஒழித்துக் கொடுத்தோம்.
முப்பதில் ஒரு ஷீட்டில் மட்டும்
எலிப்பல்.