ஒப்புக்கு

அந்த நோட்டைச் சுற்றில் விட்டவன் நான்தான்.
நீல அட்டை. கோடு போட்ட தாள்.
பெயர், அடையாள எண், கையெழுத்து.
தலைப்பில் வேறொன்றும் இல்லை அன்றைக்கு.

பள்ளிக்கூடக் கொட்டகையில் நாற்பத்து மூன்று பேர்.
புரொஜெக்டர் மூன்று முறை அணைந்தது.
பொறியாளர் பூமியைக் கேக் மாதிரி வெட்டிக் காட்டினார்:
மேலே நீங்கள், நடுவில் பாறை,
நாலாயிரம் மீட்டர் அடியில் வாயு.
இருப்பதிலேயே மெலிந்த அடுக்கு
எங்களுடையது.

கேள்வி உண்டா என்று அவர் கேட்கவும்
சோறு வந்துவிட்டது.
பொரித்த கோழி, ஆளுக்கொரு சோடா.
கோழி வெந்தது எங்களிடம் வாங்கிய விறகில்.
சாப்பிட்டவர்கள் கணக்குக்குத்தான் நோட்டு என்றேன்.
எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.
என் சட்டையில் கம்பெனி அட்டை தொங்கியது:
சமூகத் தொடர்பாளர்.

எட்டு மாதம் கழித்து, காமிரியில்,
மின்விசிறி ஓடும் அறையில்
அமைச்சக அதிகாரி படித்தார்:
யுக்கிரெந்தா குவாரனி சமூகம், இணைப்பு ஏழு,
நாற்பத்து மூன்று பேர் ஒப்புதல்.

யுக்கிரெந்தா என்றால் உப்புள்ள இடம்.
ஊற்றடியில் மண் வெளுத்திருக்கும்.
விடியுமுன் மான் வந்து நக்கும்,
விடிந்தபின் எங்கள் ஆடுகள்.
வெடி வைக்கும் துளைகளின் வரிசை
அதன் குறுக்கேதான் போகிறது.
வரைபடத்தில் அது சிவப்புக் கோடு,
எதற்கும் வளையாதது.

நெமேசியா யாந்துரா எழுந்தாள்.
நாலு கூட்டத்திலும் வாய் திறக்காதவள்.
"என் விரலைக் காட்டுங்கள்."
நகலை நீட்டினார்கள். பதினேழாவது வரி.
கறுப்பாக, சுத்தமாக ஒரு பெருவிரல்.

"இது நகல். அசல் எங்கே?
தின்றுவிட்டுத்தான் விரல் வைத்தேன்.
கை கழுவத் தண்ணீர் தரவில்லை நீங்கள்.
அசலில் கோழிக்கொழுப்பு இருக்கும்.
வெளிச்சத்தில் பிடித்தால் அடுத்த தாள் தெரியும்.
எதற்கு ஒப்பினேன் என்று
அதில் எழுதியிருக்கிறதா, பார்ப்போம்."

கம்பெனி வக்கீல் சிரித்தார்.
அதிகாரி சிரிக்கவில்லை.

நகலெடுக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய்க்கறை தெரியாது.
எனக்குத் தெரியும்.
பதினேழாம் வரியில் காசளவு தாள்
கண்ணாடியாகிக் கிடக்கிறது.
அதன் வழியே தெரிவது
மிஞ்சிய சோடாக்களின் எண்ணிக்கை,
என் கையெழுத்தில்.

உப்பை ஒப்பாக்க ஓரெழுத்து போதும்.
ஒப்பை ஒப்புக்கு ஆக்க
அதுகூட வேண்டாம்,
என்னைப்போல் ஓர் ஆள் போதும்.

கதவருகே சோற்றுப் பொட்டலங்கள் வந்து இறங்கின.
யாரும் எழவில்லை.
நெமேசியா உட்காரவுமில்லை.
நீல நோட்டு என் பையில்தான் இருந்தது.
ஜிப்பு பாதியில் சிக்கியது.
மற்றொரு கையையும் கொடுத்து இழுத்தேன்.