இடது சுட்டுவிரல்

பீன்யா இரண்டாம் ஃபேஸ்,
அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு மேல்மாடி.
டேங்கர் தண்ணீர் எங்களிடம் பாட்டிலில் வரும்,
மூடியில் திம்மராயப்பாவின் கிரீஸ் கைரேகையோடு.

சில்வர் நைட்ரேட் பழுப்புக் குப்பியில் இருக்கும்.
வெளிச்சம் ஆகாது அதற்கு.
பார்த்தால் வெறும் தண்ணீர்,
தண்ணீரை விசாரிக்க வந்த தண்ணீர்.
நீர்த்த கரைசல் விரலில் பட்டால்
ஒன்றும் சொல்லாது.
மறுநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது
கறுப்பு வந்து உட்கார்ந்திருக்கும்.
சோப்பு, எலுமிச்சை, பல்பொடி, எதற்கும் அசையாது.
தோல் உரிந்தால்தான் உண்டு.

"கையுறை எங்கே?" என்பாள் நாகவேணி,
தன் வெறுங்கையை ஆட்டி.
கண்ணில் தெறித்தால் கால்மணி நேரம் குழாயடி.
அம்மோனியா சேர்த்த வெள்ளியை
ராத்தங்க விடாதே, காய்ந்தால் வெடிக்கும்.
கழிவில் உப்பைப் போடு,
தயிராய்த் திரிந்ததைத் தனி டப்பாவில் வை.
இதையெல்லாம் அவள் சாப்பாட்டு நேரத்தில்தான் சொல்வாள்.

குரோமேட் மஞ்சளில் துளித்துளியாய் விடுவேன்.
கலங்கும். சிவப்பு எட்டிப் பார்த்து ஓடும்.
மறுபடி பார்க்கும், மறுபடி ஓடும்.
ஒரு துளியில்
செங்கல் நிறம் நின்றுவிடும்.
அங்கே அடைக்க வேண்டும் பியூரெட்டை.
தாண்டினால் திம்மராயப்பாவுக்கு நஷ்டம்,
முந்தினால் குடிக்கிறவர்களுக்கு.

தேர்தலன்று லக்கெரே அரசுப் பள்ளி.
அதிகாரி என் இடது கையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நகத்தோரம் கறுப்பு.
"ஆகலே ஓட் ஹாகிதீரா?"
இல்லை சார், லேப்.
"யாவ லேப்?"
தண்ணி சார்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
ஏஜெண்டுகள் மூன்று பேரும்
அன்றைக்கு முதல்முறை ஒரே கட்சி ஆனார்கள்.
பட்டியலைப் புரட்டினார்கள், அட்டையைத் தடவினார்கள்,
என் பெயரின் மேல் கோடு இல்லை.

கடைசியில் என் கறுப்பின் மேலேயே
குச்சியால் இழுத்தார் ஊதாவை.
உங்கள் குப்பியிலும் இதே உப்புதான்
என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.
அவர் கட்டைவிரலில் ஒரு சொட்டு வழிந்திருந்தது,
நாளைக்கு அதுவே சொல்லிக்கொள்ளும்.

வெளியே பள்ளிக் குழாயில்
ஒரு வாய் குடித்தேன்.
உவர்ப்பு.
முந்நூறுக்குக் குறையாது என்றது நாக்கு,
நாக்கை ரிப்போர்ட்டில் எழுத முடியாது.
பையில் இருந்த பாட்டிலைக் கவிழ்த்து
அதே தண்ணீரில் மூன்று தரம் அலசி
கழுத்துவரை பிடித்தேன்.
மூடியில் எழுதினேன்: லக்கெரே, ஐந்தாம் வகுப்புப் பக்கம், 11.40.
விரல் வெயிலில் கறுத்துக்கொண்டிருந்தது.