காலிப் பெட்டிக்கும் அதே இடம்

காலடிப்பேட்டையில் பஜ்ஜிக் கடை போடும் தேவகிருபை அக்கா
எனக்கென்று வெங்காயத்தின் உள்தோலை உரித்து
ஈரத்துணியில் சுற்றி வைப்பாள்.
"இதையா ரெண்டு வருசமா பாத்துகினு கீற?"

இதைத்தான்.
நுண்ணோக்கியின் கீழே செங்கல் செங்கலாகச் செல்கள்,
ஒவ்வொன்றிலும் சாயம் குடித்த ஒரு புள்ளி.
புள்ளிக்குள் சுருண்டுகிடக்கும் டி.என்.ஏ.
நம் செல்லில் இருப்பதைப் போல் ஐந்து மடங்கு.
நறுக்கும்போது
கண்தான் எரிகிறது, வேறொன்றும் தெரிவதில்லை.

எம்.சி. ரோட்டில் இருபது ரூபாய்க்கு வாங்கிய
நிறமில்லாத நகப்பூச்சை
இலையின் அடியில் தடவி, காயவிட்டு, உரித்தால்
இலைத்துளைகளின் அச்சு அப்படியே வரும்.
துளைக்கு இரண்டு காவல் செல்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி கேட்டில்
எதிரெதிரே நாற்காலி போட்ட வாட்ச்மேன்கள் மாதிரி.
அவற்றின் நீளத்தை அளப்பது என் வேலை.

பெயின்ட் வாளியில் வளரும் ரியோவுக்கு எழுத்து அதிகம்,
காவல் செல்லும் பெரிது, துளைகள் தள்ளித் தள்ளி.
கழிவுநீர்க் குழாயின் வெடிப்பில் முளைத்த அரசுக்கு
எழுத்து கொஞ்சம்தான்,
பொடிப்பொடியாய்ச் செல், நெருக்கியடித்துத் துளை.
மாநகராட்சி ஆள் வெட்டிவிட்டுப் போவார்.
அடுத்த மழைக்குள்
அது திரும்ப வந்து நிற்கும்.

எங்கள் வாரியக் குடியிருப்பு
இருநூற்று இருபது சதுர அடி.
அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது.
இரட்டைப் பிள்ளை பிறந்தது.
அண்ணியின் தையல் மிஷின் வந்தது.
அறை அதே அறை.

செல் அப்படியில்லை.
சில செல்கள் பிரியாமலே
எழுத்தை மட்டும் படியெடுத்துக்கொண்டே போகும்,
இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும்,
கூடவே சுவரும் தள்ளிக்கொடுக்கும்.
பழுத்த தக்காளியைப் பிய்த்துப் பாருங்கள்,
சதையில் சில செல்
வெறுங்கண்ணுக்கே மினுங்கும்.

சரி, அவ்வளவு எழுத்தில் என்னதான் எழுதியிருக்கிறது?
பெரும்பாலும் ஒரே வரி,
திரும்ப, திரும்ப, திரும்ப.
வெங்காயத்துக்குச் சொல்ல நம்மைவிட ஐந்து மடங்கு
சேதி இருப்பதாக யாரும் நினைக்கவில்லை.
பிறகு ஏன் செல் பெருக்க வேண்டும்?
பல இரவு இந்த இடத்தில்தான் நின்றேன்.

அண்ணன் சகாயநாதன் ட்ரெய்லர் ஓட்டுகிறான்.
ஒருநாள் எண்ணூர் நெடுஞ்சாலையில்
பதினான்கு மணி நேரமாக வரிசை.
போனில் கேட்டேன், பெட்டியில என்னா லோடு?
"ஒண்ணுமில்ல. எம்ட்டி."
காலிக்கா இவ்ளோ நேரம்?
"லூசு. காலிப் பெட்டியும் நாப்பதடிதான்.
யார்டுல அதுக்கும் அதே எடம்தான் வுடணும்."

போனை வைத்துவிட்டு
வெகுநேரம் வெங்காயத்தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருக்கலாம். எழுத்தின் பொருள் அல்ல,
எழுத்தின் கனமே இடம் கேட்கிறதோ என்னவோ.
அப்படிச் சொல்பவர்கள் உண்டு. மறுப்பவர்களும் உண்டு.
என் நோட்டிலேயே முப்பத்தொன்றாம் பக்கம் மறுக்கிறது:
ஒரே ரியோ, ஒரே அளவு எழுத்து,
மொட்டைமாடி இலையில் ஒரு நீளம்,
படிக்கட்டு இருட்டில் வளர்ந்த இலையில் வேறொரு நீளம்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு
அதன் மேலேயே இன்னொன்றும் போட்டிருக்கிறேன்.

விடிகாலை மூன்றரைக்கு
டீசல் வாசனையோடு அண்ணன் வந்து படுத்தான்.
எல்லோரும் தூக்கத்திலேயே ஒரு சாண் நகர்ந்தோம்.
பிள்ளைகள் மிஷினுக்கடியில் போயின.
அப்படியும் அவன் பாதம்
நிலைப்படிக்கு வெளியே அரையடி நீண்டது.
ஸ்கேலை எடுத்தேன்.
மைக்ரானில் குறித்துக்கொண்டேன்:
ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து நானூறு.