பின் இருக்கை

ராத்திரியானால் அது உட்கார்ந்துவிடும்.
காலையில் போர்டிகோவில் போய்ப் பார்த்தால்
வயிறு தரையில் படாத குறை.
ஸ்டார்ட் செய்ததும்
பின்பக்கம் முதலில், அப்புறம் முன்பக்கம்
ஒட்டகம் எழும்புவதுபோல எழும்பும்.
ஒட்டகம் எழும்பிப் பார்த்தவன் நான்.

ஷார்ஜாவில் பன்னிரண்டு வருடம்
இதே வண்டியின் அண்ணனை ஓட்டினேன்.
முதலாளி பின்னால், வலப்பக்கம்.
கண்ணாடியில் அவர் நெற்றி மட்டும் தெரியும்.
அந்த சீட்டின் தோல் எப்படியிருக்கும் என்பது
துடைத்த துணி வழியாக எனக்குத் தெரியும்.

திருவனந்தபுரத்தில் ஒரு கண் டாக்டர் விற்றார்.
அவர் மூன்றாவது ஆள், நான் நாலாவது.
எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர் என்றது மீட்டர்.
பிரேக் மிதியின் ரப்பர் வேறு கணக்குச் சொன்னது.
புது மாருதி விலைக்கு ஜெர்மன் வண்டி, என்றேன் வீட்டில்.
"வாங்கத்தான் மாருதி வெல," என்றாள் ஹெப்சி,
"வச்சிருக்க என்ன வெல?"

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டாள்.
ரப்பர் ஷீட்டு விற்ற கணக்கெழுதும் அதே கையெழுத்து.
ஏர் சஸ்பென்ஷன், முன் இடது, அறுபத்தெட்டாயிரம்.
அடுத்த வரி, அபிஷாவுக்குக் காலேஜ் பீஸ்.
இரண்டுக்கும் நடுவே
பேனா அழுத்தி ஒரு கோடு.

வெட்டூர்ணிமடத்தில் ஷிபின் பானெட்டைத் தூக்கி
ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.
"அண்ணே, இஞ்சினு நம்ம ரெண்டுபேரையும்
பொதச்சிட்டுத்தான் போவும்.
மத்ததுகதான் சங்கதி."

மத்ததுகள்.
குளச்சலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்
ஒரேயொரு ராத்திரி கடலைப் பார்க்க நிறுத்தினேன்.
உப்பு உள்ளே போய் எதையோ தின்றுவிட்டது.
அதிலிருந்து எட்டு மாதமாக
பூட்டின கதவைத் திறந்திருக்கிறது, திறந்திருக்கிறது
என்று சிவப்பில் எழுதிக் காட்டுகிறது.
நானும் ஒவ்வொரு தடவையும் இறங்கிப்போய்
ஒருமுறை சாத்திவிட்டு வருகிறேன்.

வித்துத் தொலை என்கிறான் மச்சான்.
அவன் ஆரல்வாய்மொழிக் காற்றில்
இதை ஓட்டியதில்லை.
ஆடி மாதம், காலி லாரியே ஆடி ஒதுங்கும்போது
ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும்.
வெளியே அத்தனை காற்றாடியும் சுற்ற
உள்ளே, ஹெப்சி நேந்திரம்பழம் உரிக்கிற
சத்தம் கேட்கும்.

போன ஜூனில் படந்தாலுமூட்டில் நின்றது.
கியர் விழவில்லை. நல்ல மழை.
ரெக்கவரி வண்டி கொண்டுவந்த ஆன்றோவுக்கு
என் பிள்ளை வயதுதான் இருக்கும்.
கேபினில் அவன் தங்கச்சி,
காய்ச்சலில் சுருண்ட கைக்குழந்தை.
"இடமில்ல கேட்டேளா.
ஒம்ம வண்டியிலயே ஏறி இரியும்.
போலீஸக் கண்டா படுத்துக்கிடும்."

சங்கிலி போட்டு ஏற்றியபிறகு
பழக்கத்தில் முன்கதவில் கை வைத்தேன்.
"அங்க எதுக்கு வோய்," என்றான் கீழேயிருந்து,
"ஓட்டவா போறீரு?"

அப்படித்தான் உட்கார்ந்தேன்.
வாங்கி மூன்று வருடம் கழித்து, பின்னால்.

மார்த்தாண்டம் பாலத்தின்மேல் ஏறினோம்.
பாலத்துக்கு மேலே லாரி,
லாரிக்கு மேலே வண்டி, வண்டிக்குள் நான்.
ஜவுளிக்கடை மூன்றாம் மாடிப் பொம்மை
என் மட்டத்தில் நின்று
நனையாத பட்டுச்சேலையைக் காட்டிற்று.
சீட்டின் இடுக்கில் விரல் விட்டேன்,
டாக்டர் வீட்டுப் பிள்ளை ஒட்டிய ஸ்டிக்கர், பாதி யானை.
தோல் நினைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது.

பன்னிரண்டு வருடம் அவர் எதைப் பார்த்தார் என்று
நிமிர்ந்து பார்த்தேன்.
ஒரு ஹெட்ரெஸ்ட்.
அதற்குமேல் கொஞ்சம் மழை.

தக்கலை தாண்டும்போது ஹெப்சி கூப்பிட்டாள்.
எங்க இருக்கிய?
வண்டியிலதான்.
ஓடுதா?
ஓடுது, என்றேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நாலாயிரத்து ஐந்நூறு வாங்கினான் ஆன்றோ.
நோட்டை விரித்து வைத்துக்கொண்டு
இத எதுல எழுத, என்று கேட்கிறாள்.
ரிப்பேரிலா, பெட்ரோலிலா?
எழுதாமல் கொஞ்சம் இடம் விடு, என்றேன்.
பேனாவை மூடாமல்
என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.