தாமதத்திற்கான காரணம்

காலுறை மாட்டிவிடப் பத்து நிமிடம்.
குளிப்பாட்டித் துவட்ட இருபத்தைந்து.
கண்ணில் இரண்டு சொட்டு மருந்து விட ஐந்து;
வணக்கம் சொல்வதும் அதிலேயே அடக்கம்,
வாசலில் ஷூவைக் கழற்றுவதும்.

வீட்ஸ்கேயின் கைப்பேசி
இப்படித்தான் காலையைக் கூறுபோட்டு வைத்திருக்கிறது.
ஃப்ரீஸ்லாந்தின் இந்தச் சின்ன ஊரில்
பதினோரு வீடுகள், ஒரு சைக்கிள்,
போகும்போதும் எதிர்க்காற்று,
திரும்பும்போதும் எதிர்க்காற்று.
எப்படி என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

நான்காம் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் நடுவே கால்வாய்.
கால்வாய்மேல் பாலம்.
மே பிறந்துவிட்டால்
தூரத்தில் ஒரு பாய்மரம் தெரிந்தால் போதும்,
மணி அடிக்கும், சிவப்பு விளக்கு கண்சிமிட்டும்,
கோடு போட்ட தடுப்புக்கட்டை இறங்கும்,
தார்ச்சாலை அப்படியே எழுந்து
செங்குத்தாக நிற்கும்.

முதல் வருடம் திட்டினாள்.
வாய்க்குள்தான், ஆனால் முழு வாக்கியங்களாக.
விடுமுறைக்காரர்கள்! வெள்ளைத் தொப்பிகள்!
இவர்கள் பீர் குடித்துக்கொண்டு மிதந்து போவார்களாம்,
போஸ்மாவின் வீங்கிய காலுக்கு
நான் பதில் சொல்ல வேண்டுமாம்.

எந்த நாளில் மாறியது என்று தெரியாது.
மாறியது என்றுகூடச் சொல்ல முடியாது.
ஒரு ஜூன் காலை
ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி நின்றவள்
தன் தோள்கள் காதுவரை ஏறியிருப்பதைக் கண்டாள்.
இறக்கிவிட்டாள்.
அவ்வளவுதான்.

பிறகு, எழுந்து நின்ற சாலையின் அடிவயிறு தெரிந்தது.
துரு. சிலந்திவலை.
எவனோ ஒரு தொழிலாளி
வெள்ளைப் பெயின்ட்டில் போட்டுவைத்த கூட்டல் கணக்கு:
ஏழும் எட்டும் பதினாறு.
பக்கத்து ரொட்டி வண்டிக்காரன் எஞ்சினை அணைத்தான்.
அது ஓய்ந்ததும்
இத்தனை நாளும் அதற்கு அடியில் கிடந்த சத்தம் மேலே வந்தது,
தண்ணீர் கல்லை நக்குவது.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சூயிங்கம்மை ஊதி
அது உடையக் காத்திருந்தான்.
பாலக்காரர் ஹாயே
தூண்டிலில் கட்டிய மரச்செருப்பைப்
படகுக்காரனிடம் ஆட்டி ஆட்டி நீட்டினார்.
அதில் ஒரு நாணயம் விழுந்தது.
எல்லோருக்கும் கேட்டது.

நான்கு நிமிடம். சில நாள் மூன்றரை.
பழைய கோட்டின் பைக்குள்
கணக்கில் வராமல் கிடந்த சில்லறை போல.

ஐந்தாம் வீட்டு வாசலில் கைப்பேசி கேட்கும்:
தாமதத்திற்கான காரணம்?
நோயாளி. வானிலை. சைக்கிள் பழுது. மற்றவை.
மற்றவையைத் தொட்டு
'படகு' என்று அடிப்பாள்.
போஸ்மா உள்ளிருந்தே குரல் கொடுப்பார்:
இன்றைக்கு என்ன படகு?
காலுறையை மேலே இழுத்தபடி சொல்வாள்.
பச்சை. பெயர் அழிந்துபோனது.
முன்னால் ஒரு நாய் நின்றிருந்தது, முதலாளி மாதிரி.

நவம்பரில் படகுகள் கொட்டகைக்குப் போய்விட்டன.
ஹாயே அறையைப் பூட்டி
மரச்செருப்பையும் கையோடு எடுத்துப்போனார்.
பாலம் படுத்தே கிடந்தது.
அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது:
இந்த வாரம் உங்கள் சராசரித் தாமதம் பூஜ்யம்.

மறுநாள் கைப்பிடிக் கம்பியெல்லாம் உறைபனி.
பாலத்தின் நடுவே இறங்கி நின்றாள்.
பின்னால் வந்தவன் மணியடித்து, முறைத்து, ஒதுங்கிப் போனான்.
கீழே சாம்பல் தண்ணீர்.
மூழ்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்காத
ஒரு முக்குளிப்பான்.
மூக்கு ஒழுகியது.
அமைதி என்று பெரிதாக ஒன்றும் வந்து இறங்கவில்லை;
எட்டாம் வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம்
என்ற யோசனை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
தோள்கள் மட்டும் இறங்கின.

தாமதத்திற்கான காரணம்?
படகு.

போஸ்மாவின் நாற்காலி சன்னலோரம்.
சன்னலுக்கு வெளியே அதே கால்வாய்,
அக்டோபரிலிருந்தே வெறிச்சென்று.
காலை நீட்டினார்.
"பெரிய படகோ?"
"இல்லை, சின்னதுதான். மெதுவாகப் போனது."
தண்ணீரை ஒருமுறை பார்த்தார்.
"ஆமாம்," என்றார், "நானும் பார்த்தேன்."